ஒரு பகல், ஒரு இரவு: பாசிக்குடாவா, அறுகம்பையா, கல்லடியா?

மட்டக்களப்புப் பக்கம் ஒரு பகலும் ஒரு இரவும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிற வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கடலின் படத்தைப் பார்த்துத்தான் இடத்தைத் தெரிவு செய்கிறார்கள். தெளிந்த பச்சைத் தண்ணீர் பிடித்தவர்கள் பாசிக்குடாவில் அறை எடுக்கிறார்கள். அலையும் ஆட்டபாட்டமும் வேண்டியவர்கள் அறுகம்பைக்குப் போகிறார்கள். நகரத்தை ஒட்டியே இருக்கும் கல்லடி அவர்களுடைய கணக்கில் வருவதே இல்லை. இப்போது டொரண்டோவிலிருந்து என் மச்சாள் வருகிறாள், கூடவே சென்னையிலிருந்து அவளுடைய தோழியும். பகலில் கடலில் குளிக்க வேண்டும், இரவில் வெளியே போய்ச் சாப்பிட்டுப் பொழுதுபோக்க வேண்டும், எங்கே தங்கலாம் என்று கேட்டாள். பகலை விடு, இரவு எங்கே என்பதை முதலில் முடிவெடு என்று சொன்னேன்.

காரணம் தூரம்தான். பாசிக்குடா நகரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வான் வண்டியில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். காலையில் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். கல்லடி பாலத்தைக் கடந்தால் வந்துவிடும். அறுகம்பை மட்டும் தனி: கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி எல்லாம் தாண்டிப் பொத்துவில் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் மூன்று மணித்தியாலமாவது வேண்டும். பகலில் கடல் பிடிக்கவில்லை என்றால் வேறு கடலுக்குப் போகலாம். இரவு பத்து மணிக்கு இடம் பிடிக்கவில்லை என்றால் அறைக்குள் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைக்க வேண்டும். இங்கே சூரியன் கடலில் உதிக்கிறது, வாவிக்கும் வயலுக்கும் பின்னால் மறைகிறது. சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல, மெரினாவும் இதே வங்கக் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. மேற்குக் கரையிலுள்ள நீர்கொழும்பும் கல்கிசையும் பழகியவர்கள்தான் ஆறு மணிக்குக் கடற்கரையில் வந்து நின்று, சூரியன் எங்கே என்று தேடுவார்கள். ஆகவே கிழக்கில் கடற்கரைப் பகல் என்றால் விடியற்காலை தொடங்கிப் பத்து மணி வரை. அதன் பிறகு மணலில் கால் வைக்க முடியாது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேல் காற்று வேறு அனலாக வீசும். மறுபடி நாலு மணிக்குப் பிறகுதான் கடற்கரை. ஆறரைக்கு இருட்டிவிடும். இந்த நேரக்கணக்குத் தெரியாமல் பதினொரு மணிக்குக் கடலுக்குப் போய், தோல் கறுத்து, தலையிடியோடு திரும்பி, இரவை அறையில் கழித்தவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

மாதத்தையும் பாருங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரைதான் இந்தக் கடல் நல்ல கடல். ஐப்பசிக்குப் பிறகு வாடைக் காற்றும் மாரி மழையும் வந்துவிடும். டிசம்பர் விடுமுறையில் வருகிறவர்கள் குளிப்பதை நம்பி எந்த இடத்தையும் தெரிவு செய்ய வேண்டாம். அந்த நாட்களில் அறுகம்பையில் பாதிக் கடைகள் பூட்டித்தான் கிடக்கும். நகரத்தில் தங்குவதே அப்போது புத்தி.

சரி, பாசிக்குடா. குளிப்பதற்கு மட்டும் என்றால் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. வெளியே பவளப் பாறைத் தடுப்பு இருப்பதால் குடாவுக்குள் அலை அடங்கிவிடுகிறது, தரையும் சரிவில்லாமல் கிடக்கிறது. எவ்வளவோ தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். வாழ்நாளில் கடலில் இறங்கியே அறியாத பெரியம்மாமாரும் மாமிமாரும் சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்து, ஆளுக்காள் தண்ணீர் அடித்துச் சிரிப்பதை வேறு எந்தக் கடற்கரையிலும் நான் கண்டதில்லை. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைத் தவறவே விடக்கூடாது.

ஆனால் நாளைப் பார்த்துப் போக வேண்டும். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் நாலாபக்கத்திலிருந்தும் சுற்றுலா பஸ்கள் வந்து பொதுப் பக்கம் நிரம்பி வழியும். குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கும் கூட்டமும் அதில் இருக்கும், பெண்கள் நிம்மதியாகக் குளிக்க முடியாது. கிழமை நாளில் காலை ஆறரைக்குப் போனால் அதே கடல் உங்களுக்கு மட்டும்தான். கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். டியூப்பிலும் காற்றடைத்த மெத்தையிலும் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரையில் படுத்திருக்காதீர்கள், கண்மூடித் திறப்பதற்குள் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்திலேயே கிடக்கும் கல்குடாக் கரையையும் பாசிக்குடா என்று நினைத்துவிடக் கூடாது. அது நீளமான, அழகான கரைதான், நடக்கச் சுகமானது. ஆனால் ஆழமும் இழுவையும் உள்ள கடல்.

பாசிக்குடாவின் இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1983க்கு முன்னரே இங்கே ஹோட்டல்கள் இருந்தன. போர் அவற்றை அழித்தது, மிஞ்சியதைச் சுனாமி கொண்டுபோனது. 2009க்குப் பிறகு புதிதாகக் கட்டியவை எல்லாம் குடாவைச் சுற்றிப் பிறை வடிவில் நிற்கின்றன. அந்த மதிலுக்குள் நீச்சல் தடாகம், பஃபே சாப்பாடு, மது, எல்லாம் உண்டு. வாசலைத் தாண்டினால் இருட்டு. நாலைந்து சாப்பாட்டுக் கடைகள் இருக்கும், அவையும் நேரத்தோடு சாத்திவிடும். புதிதாகக் கலியாணம் முடித்தவர்களுக்கும் களைத்துப்போய் ஓய்வெடுக்க வருகிறவர்களுக்கும் அது போதும். வெளியே போய் ஊரின் இரவைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் அவ்வளவு காசு கொடுத்து அங்கே தங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. சில ஹோட்டல்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு கட்டினால் தடாகத்தில் குளிக்கவும் உடை மாற்றவும் விடுவார்கள். போன் எடுத்துக் கேட்டுப் பாருங்கள், அதுவே போதும்.

அறுகம்பைக்கு வருவோம். இரவு வெளியே போவது என்றால் பாட்டு, ஆட்டம், நடுச்சாமம் வரை திறந்திருக்கும் கடை என்று அர்த்தம் கொள்கிறவர்களுக்கு மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் அது ஒன்றுதான் இடம். கடலுக்குச் சமாந்தரமாக ஒரே வீதி. ஒருபக்கம் விடுதிகள், மறுபக்கம் அலைப்பலகை வாடகைக் கடைகள், கோப்பிக் கடைகள், ரொட்டிக் கடைகள். ஆடி, ஆவணியில் இரவு பதினொரு மணிக்கும் சனம் நடமாடும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் கொண்டாட்டம் நடக்கும். அன்றைக்கு எங்கே என்று அலைப்பலகைக் கடைப் பையன்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் உங்களைக் கண்டதும் ஆங்கிலத்தில் தொடங்குவார்கள், சிலர் ஹீப்ருவிலும் வணக்கம் சொல்வார்கள். நீங்கள் தமிழில் கதையுங்கள். முகம் மாறும், வாடகையும் கொஞ்சம் இறங்கும், எந்த இடத்தில் பாறை இருக்கிறது, எந்தக் கடையில் மீன் புதிது என்ற உண்மைத் தகவலும் அப்போதுதான் வரும்.

பகலில் அங்கே அலைதான் எல்லாம். மெயின் பொயின்ட் என்று சொல்லும் தெற்கு முனையில் அலை பாறைமேல் உடைகிறது. பழகியவர்களுக்கு அது உலகத் தரம், புதியவர்களுக்கு முழங்காலும் முதுகும் கிழியும் இடம். முதல்முறை பலகை ஏறுகிறவர்கள் பேபி பொயின்ட், விஸ்கி பொயின்ட், பீனட் ஃபார்ம் பக்கம் உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு போக வேண்டும். என் மச்சாளுக்கு நான் விசேஷமாகச் சொன்னது ஒன்று: 2018இல் இங்கே பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள், நாட்டில் அதுதான் முதலாவது. கடலில் இறங்கினால் கறுத்துப்போவாய், அது பெண்பிள்ளைக்கு அழகா என்று வீட்டில் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் பதில் சொல்லி வந்த பெண்கள். தண்ணீரில் அவர்களைக் காணக் கிடைத்தால் நின்று பாருங்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. அது சுற்றுலாவுக்காக உண்டாக்கிய ஊர் அல்ல. அறுகம்பைக் கரையிலுள்ள உல்லை முஸ்லிம் மீனவர்களின் கிராமம், பொத்துவில் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் பழைய ஊர். நீச்சல் உடை மணலோடு நிற்கட்டும். பொத்துவில் பசாருக்குப் போகும்போது ஒழுங்காக உடுத்துங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும், அதற்குக் கோபிக்க வேண்டாம். கஞ்சா வேண்டுமா என்று யாராவது காதோடு கேட்டால் நிற்காமல் நடங்கள், இந்த நாட்டுச் சட்டம் அதில் கடுமையானது. இருட்டிய பிறகு லகுகலப் பக்கமோ பாணமைப் பக்கமோ மோட்டார் சைக்கிளில் போகவே போகாதீர்கள். வளைவில் யானை நிற்கும், வெளிச்சத்தில் அதன் கறுப்புத் தெரியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒரு நாள்காரர்களுக்கு அறுகம்பை வேண்டாம் என்றுதான் சொல்வேன். போக அரை நாள், வர அரை நாள். காலை அலையும் கிடைக்காது, இரவுக் கொண்டாட்டத்துக்குப் பிறகு விடிய எழும்பவும் முடியாது. குறைந்தது இரண்டு இரவு இருந்தால்தான் அந்த இடம் உங்களுக்குக் கைகொடுக்கும்.

இனிக் கல்லடி. இதைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன், ஆகவே இதன் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது குளிக்கும் கடல் அல்ல. கரை சட்டென்று இறங்கும், அலை இழுக்கும். கால் நனைக்கலாம், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. டிஸ்கோ கிடையாது, ஆட்டம் கிடையாது. நகரத்திலும் கல்லடியிலும் சில ஹோட்டல்களில் மது கிடைக்கும், அவ்வளவுதான். கடற்கரையில் திறந்தவெளியில் குடிப்பது சட்டப்படி குற்றம், ஊர்ச் சனமும் பொறுக்காது.

இரவு மட்டும் இங்கே ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. பழைய கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம். அப்போதைய ஆளுநரின் மனைவி லேடி மானிங்கின் பெயரை வைத்தார்கள். ஒரு வாகனம் வந்தால் எதிர்ப்பக்கம் காத்துநின்ற காலம் போய், 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் வந்துவிட்டது. அதனால் பழைய பாலம் நடக்கிறவர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் உரியதாகிவிட்டது. அந்தக் கிராதியில் சாய்ந்து நின்றால் சூரியன் வாவிக்குள் இறங்குவது தெரியும். கடலில் கிடைக்காத அந்தி இங்கே கிடைக்கிறது. கீழே ஒற்றைத் தோணியில் ஒருவர் எழுந்து நின்று வீச்சுவலையைத் தோளில் மடித்து, பல்லில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி வீசுவார். வலை தண்ணீரில் வட்டமாக விழுந்தால் பாலத்தில் நிற்கும் பொடியன்கள் விசிலடிப்பார்கள்.

அங்கிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் சில நிமிடம். ஊரே வந்திருக்கும். கச்சான் கடலை, அவித்த சோளம், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய், பட்டம் விடும் பிள்ளைகள், பாயைப் போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். பெண்கள் இருவர் தனியாக வந்தாலும் அந்நேரம் எந்தப் பயமும் இல்லை. இதே கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கடல் ஏறியது. நாவலடி என்ற கிராமம் ஏறத்தாழ முழுதாகவே போனது. திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அடி மண் அரித்துச் சாய்ந்துபோனது. கடற்கரைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கமும் ஒரு நடை போய்வர வேண்டும் என்பது என் விருப்பம். கரையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு இடம்: கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவரை அறிந்த சிதம்பரத்துக்காரர்கள் அவர் எங்கே உறங்குகிறார் என்பதை அறிந்திருப்பதில்லை. மாலைக்கு முன் போய்வர அரை மணித்தியாலம் போதும்.

சாப்பாட்டுக்கு இரண்டு வழி. வாவி இறாலும் நண்டும் வேண்டும் என்றால் தங்கும் விடுதியில் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் சந்தையில் வாங்கித் தேங்காய்ப்பால் விட்டு, முருங்கை இலை போட்டுச் சமைத்துத் தருவார்கள். இரவில் திடீரென்று கேட்டால் கிடைப்பது ஐஸில் வைத்ததுதான். மற்ற வழி காத்தான்குடி. கல்லடியிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர். பிரதான வீதியின் நடுவில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள் நிற்கும். காய்க்கும் காலத்தில் குலைகளை வலைபோட்டு மூடியிருப்பார்கள். வீதி முழுக்கக் கொத்து ரொட்டித் தகடு அடிக்கும் சத்தம். மாட்டிறைச்சிக் கொத்து, புரியாணி, கடைசியில் சட்டியில் எருமைத் தயிரும் பாணி என்னும் பாகும், ஒரு பிளேன்டி (பால் விடாத தேநீர்). மது அங்கே கேட்கவே கூடாது. ஆனால் இரவு வெகுநேரம் வரை வெளிச்சமும் சனமும் உள்ள வீதி அது. எத்தனையோ வெளிநாட்டு ஆட்கள் எங்கள் இரவு எட்டு மணியோடு முடிந்துவிடுகிறது என்று சொல்லும்போது, காத்தான்குடிக்குப் போகவில்லையா என்று கேட்கத் தோன்றும்.

நிலவு இரவு என்றால் சாப்பிட்ட பிறகும் நித்திரைக்குப் போக வேண்டாம். மட்டக்களப்பு வாவியின் பெயர்போன பாடும் மீனைக் கேட்பது கல்லடிப் பாலத்தடியில்தான். சித்திரை முதல் புரட்டாதி வரை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், காற்று அடங்கிய நேரம் தோணியில் போக வேண்டும். புதுப்பாலத்தில் வாகனச் சத்தம் குறைய இரவு பத்து மணி தாண்டும். தோணிக்காரரிடம் பகலிலேயே பேசி, பாதுகாப்பு அங்கி இருக்கிறதா என்றும் கேட்டுவையுங்கள். பாலத்துக்குக் கிட்டப் போனதும் அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பைச் செங்குத்தாகத் தண்ணீரில் இறக்குவார். அதன் மேல்முனையில் காதை வைக்க வேண்டும். முதலில் ஒன்றும் இராது, தோணியில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்கும். மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தால், தம்புராவின் ஒற்றை நரம்பை எங்கோ தூரத்தில் மீட்டுவது போல ஓர் ஒலி மரத்தின் வழியாக ஏறி வரும். காதை எடுத்தால் இல்லை, வைத்தால் இருக்கும். 1848இல் இங்கே வந்த இலங்கையின் பிரித்தானியக் காலனித்துவச் செயலாளர் டெனன்ட்டும் தோணியில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். மீன் பாடுகிறது என்பார்கள், பழைய ஆட்கள் ஊரி என்ற நத்தை என்பார்கள். சில இரவுகளில் ஒன்றும் கேட்காமலும் போகும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

இங்கேதான் போயாவின் சிக்கல் வருகிறது. பௌர்ணமி என்றால் இலங்கையில் போயா, அன்று நாடு முழுக்க மது விற்க முடியாது. அறுகம்பைக்குப் போகிறவர்கள் அந்த நாளில் மாட்டிக்கொண்டால் ஆசைப்பட்டு வந்த கொண்டாட்டம் சோர்ந்துபோயிருக்கும். கல்லடியில் தங்குகிறவர்களுக்கோ அந்த இரவுதான் பொன் இரவு. ஆகவே நாள்காட்டியைப் பார்த்துவிட்டு விடுதி எடுங்கள்.

மச்சாளுக்கு நான் வகுத்துக் கொடுத்தது இது. கொழும்பிலிருந்து இரவு ரயிலில் ஏறி, மட்டக்களப்பு வரை வராமல் விடியற்காலை வாழைச்சேனையில் இறங்குவது. ரயில் நேரங்கள் மாறும் என்பதால் அந்தக் கிழமையில் விசாரித்துத்தான் ஆசனம் பதிய வேண்டும். வாழைச்சேனையிலிருந்து பாசிக்குடாவுக்கு ஆட்டோவில் கொஞ்ச நேரம். பைகளை முன்கூட்டியே சொல்லிவைத்த வானில் வைத்துவிட்டு, சூரியன் கடலில் கிளம்பும்போது தண்ணீரில் இறங்கலாம். பத்து மணிக்கு முடித்துக்கொண்டு கல்லடி. மத்தியானம் மீன்கறிச் சோறும் நல்ல நித்திரையும். ஐந்து மணிக்குப் பாலம், பிறகு கடற்கரை, காத்தான்குடி, நிலவு இருந்தால் தோணி. மறுநாள் காலை ஆறு மணிக்கு நாவலடிப் பக்கம் நடந்தால் கரைவலை இழுப்பார்கள். இருபது முப்பது பேர் இரண்டு கயிற்றிலும் பிடித்து, அம்பா என்னும் மீனவர் பாட்டைப் பாடிக்கொண்டு பின்னால் நடப்பார்கள். கேட்டால் உங்களுக்கும் கயிற்றில் இடம் தருவார்கள். வலையின் மடி கரைக்கு வந்ததும் நெத்தலியும் சூடையும் துள்ளும்.

செலவைப் பார்த்தாலும் இதுவே இலாபம். பாசிக்குடாப் பெரிய ஹோட்டலின் ஒரு இரவுக் காசில் கல்லடி விடுதி அறை, வான், தோணி, சாப்பாடு எல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். பிள்ளைகளோடு வருகிறவர்கள், நடமாட முடியாத பெரியவர்களைக் கூட்டிவருகிறவர்கள் மட்டும் பாசிக்குடாவிலேயே தங்கட்டும். அவர்களுக்கு இரவைவிட, அறைவாசலில் கடல் இருப்பதுதான் முக்கியம். இருபது வயதுக் கூட்டாளிகள் நாலைந்து பேர், அலையும் பாட்டும்தான் வேண்டும் என்றால் மட்டக்களப்பைத் தொடாமலே கொழும்பிலிருந்து வெல்லவாய, மொனராகலை வழியாக நேரே அறுகம்பைக்குப் போய் இரண்டு இரவு நிற்கட்டும். திரும்பும் நாளில் பொத்துவிலிலிருந்து காலையிலேயே வெளிக்கிட வேண்டும், கடைசி பஸ்ஸை நம்பி நிற்கக் கூடாது.